செக்ஸ்டன்ட் கணக்குக்கு எந்தக் கால்குலேட்டர்?

வணக்கம் நண்பரே. செக்ஸ்டன்டால், அதாவது சூரியன், நட்சத்திரங்களின் உயரக் கோணத்தை அளக்கும் கருவியால், கடலில் நம் இடத்தைக் கணக்கிட, பழைய எச்பி-41 என்ற புரோகிராம் கால்குலேட்டரைத் தேடி வாங்கலாமா, சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். கற்றுக்கொள்ளும்போது சாதாரணமானதே போதும். எச்பி-41 அருமையான கருவிதான், ஆனால் 1979-இல் வந்தது. நடுக்கடலில் மக்கர் செய்தால் யாரிடம் கொடுப்பீர்கள்?

டிகிரி-நிமிடம்-விநாடி பொத்தானும் சில நினைவகங்களும் உள்ள சோலார் கேசியோ ஒன்றை எடுங்கள். கடையிலேயே சோதித்துப் பாருங்கள்: அட்சரேகை 13 வடக்கு, சூரியனின் டெக்ளினேஷன் (வான நடுக்கோட்டிலிருந்து அது விலகியிருக்கும் கோணம்) 20 வடக்கு, உள்ளூர் மணிக்கோணம் (நம் தீர்க்கரேகையிலிருந்து சூரியன் மேற்கே விலகியிருக்கும் கோணம்) 40, எல்லாம் டிகிரியில். அட்சரேகை, டெக்ளினேஷன் இரண்டின் சைன்களின் பெருக்கலோடு மூன்று கோணங்களின் கோசைன்களின் பெருக்கலைக் கூட்டி, தலைகீழ் சைன் எடுத்தால் சூரியனின் உயரக் கோணம் 51 டிகிரி 6 நிமிடம் 30 விநாடி வர வேண்டும். வராவிட்டால் முதலில் ரேடியன் முறையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். திரையில் 6′30″ என்றால் அது 6.5 நிமிடம், 6.3 அல்ல. பஞ்சாங்கம், அதாவது நாட்டிக்கல் அல்மனாக், நிமிடத்தைத் தசமத்தில்தான் தரும். கோணத்தில் ஒரு நிமிடம் (டிகிரியில் அறுபதில் ஒன்று) ஒரு கடல் மைல். அப்புறம், அட்சரேகை வடக்கில் இருந்து டெக்ளினேஷன் தெற்கு என்றால் மைனஸ் குறி போட மறக்காதீர்கள்.

மிச்சமாகும் பணத்தில் நல்ல கைக்கடிகாரம் வாங்குங்கள். நேரத்தில் 4 விநாடி பிசகினால் தீர்க்கரேகையில் ஒரு நிமிடம் தள்ளிப்போகும்.