கடை உழைப்பது ரூபாயில், லாபம் போவது டொலரில்

வணக்கம் ஐயா,

சில்லறை வியாபாரத்தை வெளிநாட்டு முதலீட்டுக்குத் தாராளமாகத் திறந்துவிடக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தம்புள்ளையிலிருந்து நசுங்கி வரும் தக்காளியில் பாதியை நான் குப்பையில்தான் போடுகிறேன். விலையும் கடைக்கொரு விலை. பெரிய கம்பனி வந்தால் குளிரூட்டிய லொறி வரும். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றபோது கைகொடுத்தது இந்தியக் கம்பனிதானே? பெற்றோலுக்குச் சரியென்றால் பருப்புக்கு ஏன் பிழை?

ஒரு வாசகி, உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள தங்கச்சிக்கு,

அந்த வரிசையில் நானும் நின்றேன். நம் திருகோணமலைச் சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி வைத்திருந்த அந்த இந்தியக் கம்பனியிடம் எண்ணெய் இருந்தது, அரசிடம் இல்லை. ஏன்? கப்பலுக்குக் கட்ட அவர்களால் டொலர் தேட முடிந்தது, அரசால் முடியவில்லை. 2023இல் சீனாவின் சினொபெக்கை எரிபொருள் விற்க விட்டபோதும் அரசு இதையே நிபந்தனையாக வைத்தது: ஆரம்பத்தில் எண்ணெய் வாங்கும் டொலரை நீங்களே கொண்டுவர வேண்டும். நமக்கு இல்லாத ஒன்றை அவர்கள் கொண்டுவந்தார்கள்.

மளிகைக் கடை அப்படியா? நிலாவெளி ஹோட்டல் வெள்ளைக்காரரிடம் டொலர் வாங்குகிறது. ஆடைத் தொழிற்சாலை ஏற்றுமதி செய்கிறது. மளிகைக் கடை உங்களிடமும் என்னிடமும் ரூபாய் வாங்கி, லாபத்தை டொலராக மாற்றி அனுப்பும். முதலீடு வருவது ஒரு தடவை, லாபம் போவது வருடா வருடம். டொலருக்குத் தவிக்கும் நாடு இந்தக் கணக்கைப் பார்க்காமல் இருக்க முடியாது.

கதவு பூட்டியிருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். நம் விதிமுறைகள் 50 லட்சம் டொலருக்குக் குறைந்த வெளிநாட்டு முதலீட்டைத்தான் சில்லறை வியாபாரத்தில் தடுக்கின்றன. அதற்கு மேல் கொண்டுவருபவர் அதைக் குளிர் அறைக்குப் போடுகிறாரா, கண்ணாடிக் கதவுக்குப் போடுகிறாரா என்பதுதான் என் கேள்வி. இந்தியா 2012இல் பலசரக்குச் சில்லறையில் 51 வீதம் வரை அனுமதித்தபோது இதை எழுதியே கேட்டது. குறைந்தது 10 கோடி டொலர் வர வேண்டும், முதலீட்டில் பாதி மூன்று வருடத்துக்குள் களஞ்சியம், போக்குவரத்து போன்றவற்றுக்குப் போக வேண்டும், 30 வீதம் சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும், விருப்பமில்லாத மாநிலம் மறுக்கலாம். தமிழ்நாடு மறுத்தது. பிரித்தானியப் பெருங்கடைக் கம்பனி டெஸ்கோ, டாட்டாவோடு சேர்ந்து வந்தது. அமெரிக்காவின் வால்மார்ட் அந்த வழியில் வராமல், 2018இல் 1,600 கோடி டொலர் கொடுத்து இந்திய இணைய வியாபாரக் கம்பனியான பிளிப்கார்ட்டின் 77 வீதத்தை வாங்கியது. நிபந்தனைதான் அவர்களை விரட்டியது என்பார்கள். இருக்கலாம். குளிர் அறை கட்டச் சொன்னால் வராதவர், உங்கள் தக்காளிக்காக வரவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே வாங்கு என்ற நிபந்தனை எனக்கு இன்னும் முக்கியம். 1977க்கு முன் இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய்க் கமக்காரர் தலைநிமிர்ந்தார்கள். சந்தை திறந்ததும் அவர்கள் விழுந்ததை எங்கள் தலைமுறை கண்ணால் கண்டது. நிலாவெளிச் சின்ன வெங்காயத்தைக் கேட்காமல் கொள்கலனில் வெங்காயம் இறக்கும் கடை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த விழுகையைத்தான் திரும்பக் கொண்டுவரும்.

அப்புறம் கடன் எழுதும் கொப்பி. வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாரி மாதங்களில் நம் மீனவர் வீட்டில் அடுப்பு எரிவது தெருமுனைக் கடையின் கொப்பியால்தான். அரிசி, சீனி, பால்மா எல்லாம் பெயருக்கு எதிரே எழுதப்படும், கடல் அடங்கியதும் அடைபடும். அடமானம் கிடையாது, கையெழுத்து கிடையாது, கடைக்காரருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும், அவ்வளவுதான். கடைக்கொரு விலை என்று நீங்கள் கோபப்படுகிறீர்கள். அந்த விலையில் கொஞ்சம் இந்தக் கடனுக்கான காசும் இருக்கிறது. மாதச் சம்பளம் வாங்கும் நமக்கு அது நஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பட்டியல் போட்டு விற்கும் கம்பனியிடம் அந்தப் பிள்ளைகளின் அம்மா என்ன சொல்லிப் பால்மா கேட்பாள்?

தக்காளிக்கு வருகிறேன். அது நசுங்குவது பெரும்பாலும் சாக்கில் அடைத்து, மேலே இன்னொரு சாக்கு ஏற்றுவதால். பிளாஸ்டிக் கூடையில்தான் மரக்கறி ஏற்ற வேண்டும் என்று 2011 கடைசியில் அரசு கட்டாயப்படுத்தப் பார்த்தது. வியாபாரிகள் எதிர்த்தார்கள், பிடி தளர்ந்தது. கூடை வாங்க வழியில்லாதவருக்குக் கடன் கொடுத்து அந்த விதியை மறுபடி கொண்டுவரச் சொல்லி நான் எழுதப்போகிறேன். நீங்களும் கையெழுத்துப் போடுங்கள்.