சீசன் முடிந்த கடற்கரை ஊரில் இருக்கலாமா?

கேள்வி: சுற்றுலாக் கூட்டம் வந்து போகும் ஒரு கடற்கரை ஊருக்கு சீசன் வேலைக்காக வந்தேன். வந்த இடத்தில், பலகைமேல் நின்று அலையில் சறுக்கிப் போகும் சர்ஃபிங் கற்றுக்கொண்டேன். அலையில் முதன்முதலாக எழுந்து நின்ற நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. இப்போது சீசன் முடிந்துவிட்டது. பாதிக் கடைகளுக்கு ஷட்டர் இறங்கிவிட்டது. கூட வேலை பார்த்தவர்கள், கூடக் கடலில் இறங்கியவர்கள் எல்லாரும் கிளம்பிப் போய்விட்டார்கள். உயிர்காப்பாளர்கள் உட்காரும் மேடையைக்கூடக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். ஆனால் அலை என்னவோ இப்போதுதான் அழகாக வருகிறது. தினமும் கரையில் நின்று பார்த்துவிட்டு, இறங்கப் பயந்து திரும்பிவிடுகிறேன். சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடுகிறது, பேச ஆளில்லை. அம்மா தினமும் போன் செய்து, "யாருமில்லாத ஊர்ல தனியா என்ன பண்றே, கிளம்பி வா" என்கிறார். நான் இங்கேயே இருக்கலாமா? தனியாகக் கடலில் இறங்கலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அவசரமானது அதுதான். தனியாக இறங்காதீர்கள். உங்களுக்கு வந்திருக்கும் பயம் நியாயமான பயம், அதைக் கோழைத்தனம் என்று நினைத்து விரட்ட வேண்டாம். நீங்கள் பழகியது ஒரே ஒரு சீசன். இப்போது தண்ணீர் குளிர்ந்துவிட்டது, அலை பெரிதாகிவிட்டது, காவலுக்கும் ஆளில்லை. இதில் துணையும் இல்லாமல் போனால், ஒரு சின்னத் தவறைக்கூடச் சரிசெய்ய வழி இருக்காது.

முதல் கேள்விக்கு என் பதில், இருங்கள். இந்த ஒரு குளிர்காலமாவது இருந்து பாருங்கள். ஆனால் அங்கேயும் தனியாக இருக்காதீர்கள். கடலுக்கும் ஊருக்கும் உங்களுக்கு வேண்டியது ஒன்றேதான்: போகாமல் மிச்சமிருக்கிறவர்களின் பழக்கம்.

அலை ஏன் இப்போது அழகாக வருகிறது என்று தெரிந்துகொண்டால் அதன் ஆபத்தும் புரிந்துவிடும். குளிர்காலத்தில் துருவப் பக்கத்துக்கும் வெப்பமண்டலத்துக்கும் இடையே வெப்ப வித்தியாசம் கூடுகிறது. அதனால் நடுக்கடலில் பலமான புயல்கள் அடுத்தடுத்து உருவாகின்றன. அந்தக் காற்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்குத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போவதால், நீண்ட, சீரான அலைகள் பிறக்கின்றன. அலை முன்னறிவிப்பில் எல்லாரும் உயரத்தைத்தான் பார்ப்பார்கள். பக்கத்தில் விநாடிக் கணக்கு ஒன்று இருக்கும், அதைப் பாருங்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே உள்ள நேரம் அது. சீசனில் நீங்கள் பழகிய அலை 6, 7 விநாடி அலையாக இருந்திருக்கலாம். இப்போது 12, 14 என்று காட்டும். உயரம் அதே ஒரு மீட்டர்தான் என்றாலும், 14 விநாடி அலை 7 விநாடி அலையைப் போல இரண்டு மடங்கு சக்தியோடு வரும். கரையை நெருங்கி ஆழம் குறையும்போது இன்னும் உயரமாக எழும்பும். வேகமும் அப்படித்தான்: 14 விநாடி அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் நகரும். 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயலின் அலை ஒன்றரை நாளில் உங்கள் கரைக்கு வந்துவிடும். அன்றைக்கு உங்கள் ஊரில் வானம் பளிச்சென்று இருக்கும், காற்றுகூட இருக்காது. "இவ்வளவு அமைதியான நாளில் இறங்கினால் என்ன" என்று தோன்றுவது இப்படிப்பட்ட நாட்களில்தான்.

இன்னொன்று, இந்த அலைகள் கூட்டமாக வரும். நடுவில் பத்து நிமிடம்கூடக் கடல் ஒன்றும் தெரியாததுபோல இருக்கும். அந்த இடைவெளியில் வந்து பார்க்கிறவர், சின்ன அலைதானே என்று உள்ளே போய்விடுவார். அப்புறம் அடுத்தடுத்து ஐந்தாறு பெரிய அலை வரும்போது நடுவில் மாட்டிக்கொள்வார். அதனால் குறைந்தது அரை மணி நேரமாவது கரையில் நின்று பார்க்காமல் யாரும் இறங்கக் கூடாது. அலையேறத் தெரிந்தவர்கள்கூட இதைத் தவறாமல் செய்வார்கள். நீங்கள் இத்தனை நாளாகக் கரையில் நின்று பார்த்ததை வீண் என்று நினைக்காதீர்கள். இனி அதே பார்வையைக் கொஞ்சம் கவனத்தோடு பாருங்கள்.

என்ன பார்ப்பது? நீங்கள் கற்றுக்கொண்ட கடலடித்தரை இப்போது அப்படியே இருக்காது. குளிர்காலப் பெரிய அலைகள் கரை மணலை அரித்து உள்ளே கொண்டுபோய்த் திட்டாகக் குவிக்கும். கோடைக்காலச் சின்ன அலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவரும். இடுப்பளவு தண்ணீரில் நின்று பலகையைத் தள்ளிப் பழகிய இடத்தில் இன்று கால் தரையில் படாமல் போகலாம். இரண்டு மணல் திட்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் வழியாகத்தான், கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் கடலுக்குத் திரும்பும். கரையிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் வெள்ளை நுரையும் நடுவில் அலை உடையாத, கொஞ்சம் கறுத்த பாதையும் தெரியும். புதியவர்கள் கண்ணுக்கு அதுதான் பாதுகாப்பான இடமாகப் படும். நுரையோ பாசியோ அந்தப் பாதையில் கடலை நோக்கிப் போகிறதா என்று பாருங்கள். போனால் அது இழுவை நீரோட்டம். எப்போதாவது அதில் சிக்கினால் பலகையை விடாதீர்கள், கரையைப் பார்த்து நேராகக் கையால் துழாவிப் போராடவும் வேண்டாம். கரைக்கு இணையாக, நுரை உடைகிற பக்கம் பார்த்துப் போங்கள். முடியாவிட்டால் பலகைமேல் படுத்துக்கொண்டு ஒரு கையைத் தூக்கி அசையுங்கள். அதைப் பார்க்கக் கரையில் ஓர் ஆள் இருக்க வேண்டும், அதனால்தான் தனியாக வேண்டாம் என்கிறேன்.

குளிரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாக எடுத்துவிடும். 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே உள்ள தண்ணீர் திடீரென்று உடம்பில் பட்டால் முதலில் ஒரு பெரிய மூச்சு தன்னால் உள்ளே இழுக்கும், அடுத்த ஓரிரு நிமிடம் மூச்சு தாறுமாறாக ஓடும். தலை தண்ணீருக்குள் இருக்கும்போது அந்த மூச்சு இழுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஓடிப்போய்க் குதிக்கக் கூடாது. முகத்திலும் பிடரியிலும் தண்ணீரைத் தெளித்து, இடுப்பளவில் நின்று மூச்சு சீரான பிறகுதான் பலகையில் படுக்க வேண்டும்.

நல்ல வெட்சூட் (உடம்போடு ஒட்டிப் போடும் ரப்பர் உடை) இல்லாமல் குளிர்காலத்தில் சர்ஃபிங் என்ற பேச்சே வேண்டாம். 1950களின் தொடக்கத்தில் ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலாளர் அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கு வீரர்களுக்காக நியோப்ரீன் ரப்பரில் வெட்சூட் செய்து பார்த்தார். அதே காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில் கடை போட்ட ஜாக் ஓநீல் அதை அலையேறுகிறவர்களிடம் கொண்டுசேர்த்தார். குளிர்ந்த கடலிலும் வருஷம் முழுக்க இறங்க முடிகிறது என்றால் அதற்கு இந்த ரப்பர்தான் காரணம். உடம்புச் சூட்டைக் காப்பது அந்த ரப்பருக்குள் இருக்கும் நுண்ணிய காற்றுக்குமிழிகள். வெட்சூட் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். முதுகிலோ அக்குளிலோ தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு அலையிலும் குளிர்ந்த தண்ணீர் புகுந்து வெளியேறும், எவ்வளவு தடிமனாக இருந்தும் பயனில்லை. 10 டிகிரி பக்கம் இறங்கிவிட்டால் மார்புப் பக்கம் 5 மில்லிமீட்டர் சூட், தலைமூடி, கையுறை, ரப்பர் காலணி எல்லாம் வேண்டும். காதுக்கு அடைப்பான் வாங்குங்கள். குளிர்ந்த தண்ணீரும் காற்றும் பல வருஷம் காதில் பட்டுக்கொண்டே இருந்தால் காதுத் துளைக்குள் எலும்பு வளரும், சிலருக்கு அறுவை சிகிச்சை வரை போகும்.

எப்போது வெளியே வருவது என்று கை சொல்லிவிடும். தண்ணீரில் இருக்கும்போதே அவ்வப்போது விரல்களை நீட்டிச் சேர்த்துப் பாருங்கள். சுண்டுவிரல் மற்ற விரல்களோடு ஒட்டாமல் விலகி நின்றால், அடுத்த அலையோடு கரைக்கு வந்துவிடுங்கள். "இன்னும் ஒரு அலை" வேண்டாம். அதைத் தாண்டி இருந்தவர்கள் கரைக்கு வந்த பிறகு, காலையும் பலகையையும் பிணைக்கும் லீஷ் கயிற்றின் பட்டையைப் பிரிக்க முடியாமல் பல்லால் இழுப்பதையும், வண்டிச் சாவியைத் திருப்ப முடியாமல் நிற்பதையும் பார்க்கலாம். வெளியே வந்த பிறகும் கொஞ்ச நேரம் உடம்பின் உள்சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். முதலில் ஈரத்தைக் களைந்து, உலர்ந்த துணி அடுக்கடுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள். உடனே கொதிக்கும் வெந்நீரில் குளிக்காதீர்கள், தலை சுற்றி விழக்கூடும்.

நிலத்தைவிடக் கடல் மெதுவாகத்தான் குளிரும், மெதுவாகத்தான் சூடாகும். வடகோளத்தில் பெரும்பாலான கடல்கள் பிப்ரவரி, மார்ச்சில்தான் மிகக் குளிர்ந்து கிடக்கும். வசந்தத்தின் முதல் வெயிலைப் பார்த்ததும் மெல்லிய வெட்சூட்டை எடுத்து மாட்டிவிடாதீர்கள்.

சரி, துணைக்கு எங்கே போவது? இப்படிப்பட்ட ஊர்களில் வருஷம் முழுக்கக் கடலில் இறங்குகிற ஐந்தாறு பேராவது இருப்பார்கள். காலையில் வண்டி நிறுத்தும் இடத்தில், வெட்சூட்டை இடுப்பு வரை போட்டுக்கொண்டு, கைகளைக் கட்டியபடி கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கொஞ்ச நாள் பலகை இல்லாமல் அங்கே போய் நில்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது, இன்று எந்தத் திட்டில் நன்றாக உடைகிறது என்று கேளுங்கள். ஒற்றை வார்த்தையில் பதில் வரலாம். மனசு சுருங்க வேண்டாம். "இங்கேயே இருந்துவிடப் போகிறேன்" என்று சொன்னவர்களை அவர்கள் ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறார்கள்; அவர்களில் பெரும்பாலோர் முதல் குளிரிலேயே கிளம்பியும் போயிருப்பார்கள். நீங்கள் மூன்றாவது வாரமும் நான்காவது வாரமும் வந்து நின்றால், அவர்களாகவே பேச்சுக் கொடுப்பார்கள். அப்போது ஒளிக்காமல் சொல்லுங்கள்: "நான் ஒரு சீசன்தான் பழகியிருக்கிறேன், இன்றைய அலை எனக்குச் சரிப்படுமா?" வேண்டாம் என்றால் அன்று கரையிலேயே இருங்கள். சரி என்றால் ஓரமாக இறங்குங்கள். அலை உடையும் இடத்துக்கு மிக அருகே இருப்பவருக்குத்தான் அந்த அலை என்ற விதி சீசனில் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துவிடும். ஆறு பேர் மட்டும் இருக்கும் தண்ணீரில் யார் அலையில் குறுக்கே போனீர்கள் என்பது வசந்தம் வரை நினைவிருக்கும்.

கடலுக்கு வெளியிலும் இதே மாதிரிதான். கூட்டம் போனபிறகுதான் இப்படிப்பட்ட ஊர்களில் நிஜ வேலை நடக்கிறது. கூரை பழுதுபார்ப்பது, படகைக் கரையேற்றிச் சாயம் அடிப்பது, புயல் அடித்த மறுநாள் கரையில் ஒதுங்கியதைப் பொறுக்குவது. அதில் ஏதாவது ஒன்றில் வாரத்துக்கு ஒரு நாள் கை கொடுங்கள். முதலுதவி, செயற்கை சுவாசம், நெஞ்சழுத்தம் சொல்லித்தரும் வகுப்பு இருந்தால் முதல் ஆளாகச் சேருங்கள். பிரிட்டனில் 1824இல் தொடங்கிய உயிர்காப்புப் படகு நிறுவனத்தின் படகுகளில் போகிறவர்கள் இன்றைக்கும் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். குளிர்காலத்தில் கரை மேடைகள் காலியாக இருக்கும்போதும் அந்தப் படகுகள் புறப்படுகின்றன. உங்கள் கரையில் அப்படி ஒரு குழு இருந்தால், நல்ல மனிதர்கள் அங்கேதான் இருப்பார்கள்.

நாலரைக்கே இருட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இருட்டுக்கு மனசைத் தொடும் சக்தி உண்டு. 1984இலேயே நார்மன் ரோசெந்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் குளிர்கால மனச்சோர்வை விவரித்து எழுதியிருக்கிறார்கள். காலை வெளிச்சம் கண்ணில் படுவது முக்கியம். கடலில் இறங்காத நாளிலும் விடிந்ததும் கரைவரை நடந்துவிட்டு வாருங்கள். தூக்கம் மிதமிஞ்சிப் போனாலோ, எதிலும் விருப்பமில்லாமல் இரண்டு வாரம் தாண்டினாலோ மருத்துவரைப் பாருங்கள். அது சர்ஃபிங் சரிசெய்கிற விஷயம் இல்லை.

அம்மாவின் கவலைக்கு வாதாடிப் பதில் சொல்ல முடியாது. கடலில் இறங்கும் நேரம், வெளியே வரும் நேரம், கூட வருகிறவரின் எண், பக்கத்து வீட்டுக்காரரின் எண் எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள். வெளியே வந்ததும் ஒரு செய்தி அனுப்புங்கள். தன் மகள் யாரோடு இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டாலே, போனில் அந்தக் குரல் மாறும்.

பணத்தில் ஒன்றே ஒன்றை இப்போதே கேட்டுவிடுங்கள்: வீட்டு ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு? கடற்கரை ஊர்களில் குளிர்காலத்தில் குறைந்த வாடகைக்குக் கொடுத்துவிட்டு, சீசன் வரும்போது காலி செய்யச் சொல்வது வழக்கம். அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் அங்கேயே வாழ்கிறவர்கள்கூட இதனால் வருஷத்துக்கு இரண்டு முறை வீடு மாறுகிறார்கள். பன்னிரண்டு மாத ஒப்பந்தம் கிடைக்குமானால் வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அதையே எடுங்கள்.

சீசனுக்குப் பின்னாலேயே ஊர் மாறிப் போவதும் ஒரு வழிதான். இலங்கையின் அறுகம் குடாவில் ஏறக்குறைய ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சீசன். அது ஓய்ந்ததும் ஹிக்கடுவை, வெலிகம பக்கம் தொடங்கிவிடும். அப்படிப் போகிறவர்களுக்கு அலைக்குக் குறைவிருக்காது. ஆனால் போகிற ஊர் எல்லாவற்றிலும் விருந்தாளியாகவே இருப்பார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது, உங்களுக்கு வேண்டியது அலை மட்டும் இல்லை என்றே எனக்குப் பட்டது. அதனால்தான் இருக்கச் சொல்கிறேன். ஆனால் நிரந்தரமாகத் தங்குவதா என்ற முடிவை இந்த இருட்டு மாதங்களில் எடுக்க வேண்டாம், அடுத்த சீசன் கூட்டத்தின் நடுவிலும் வேண்டாம். இரண்டுக்கும் இடையே, கடைகள் மெல்லத் திறக்கத் தொடங்கும் வாரங்களில் உட்கார்ந்து யோசியுங்கள். அதற்குள் உங்களுக்கு நாலு பேரைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்திருக்கும். அவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.