எரிமலைப் பக்கம் பாதி விலைக்கு வீடு: வாங்கலாமா?

கேள்வி: சேலம் உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் ஹவாய்த் தீவில் இருக்கிறாள். அங்கே பூனா வட்டாரத்தில் பாதி விலைக்கு ஒரு வீடு வருகிறது, பக்கத்தில் எரிமலை உண்டு என்கிறாள். அழகாபுரத்துக் காலி மனையை விற்று 80 லட்சம் ரூபாய் அனுப்பலாமா?

பதில்: அந்த வீடு எந்த மண்டலத்தில் வருகிறது என்று முதலில் மகளிடம் கேளுங்கள். லாவா, அதாவது எரிமலைக் குழம்பு, வரும் அபாயத்தை வைத்து அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் அந்தத் தீவை 1 முதல் 9 வரை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. 1தான் மிக மோசம். பூனாவின் மலிவு வீடுகள் பலவும் 1, 2-ல்தான் இருக்கின்றன. விலை இறங்கியது அதனால்தான். விற்பவருக்கு உங்கள் மேல் தனிப் பாசம் எதுவும் இல்லை.

2018 மே மாதம் அங்கே லெய்லானி எஸ்டேட்ஸ் என்ற குடியிருப்பின் தெருவிலேயே தரை பிளந்து, கிலாவேயா எரிமலையின் லாவா கிளம்பியது. சில மாதங்களில் 700-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. லாவா பெரும்பாலும் மெதுவாக வரும், ஆட்கள் தப்பிவிடலாம். ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தால் அள்ளிப் போட்டுவிட்டு மறுபடி பஸ் விடுகிறோம். அங்கே மனையின் மேல் பல அடி கனத்துக்குப் புதுப் பாறை உட்கார்ந்துவிடும். பத்திரம் மட்டும் பீரோவில் பத்திரமாக இருக்கும்.

1, 2 மண்டலங்களில் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் பல பாலிசி தர மறுக்கின்றன. இதற்கென்றே 1991-ல் ஹவாய் சட்டமன்றம் ஒரு காப்பீட்டுச் சங்கத்தை ஏற்படுத்த வேண்டி வந்தது. பாலிசி இல்லாத வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம். நாளைக்கு நீங்கள் விற்கப் போனாலும் முழுப் பணத்தோடு வருபவரைத்தான் தேட வேண்டியிருக்கும்.

இனி நம் பக்கக் கணக்கு. ஓராண்டில் ஒருவர் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், அதில் சிக்கல் இல்லை. ஆனால் 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20% டி.சி.எஸ். (பணம் அனுப்பும்போதே வசூலிக்கும் வரி) பிடிக்கும். 80 லட்சம் போய்ச் சேர, கையில் 94 லட்சம் வேண்டும். அந்த 14 லட்சத்தை வருமான வரிக் கணக்கில் நேர்செய்துகொள்ளலாம், அதுவரை முடங்கிக் கிடக்கும். மனை விற்ற பணத்தில் வீடு வாங்கினால் கிடைக்கும் வரி விலக்கும், வீடு இந்தியாவில் இருந்தால்தான் உண்டு. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

என்னைக் கேட்டால், அழகாபுரத்து மனையைத் தொடாதீர்கள். மகள் இப்போதைக்கு வாடகை வீட்டில் இருக்கட்டும். வாங்கியே தீர வேண்டுமென்றால் ஹிலோ பக்கம் பார்க்கலாம். அந்த நகரம் பெரும்பாலும் 3-ஆம் மண்டலம். எங்கே பார்த்தாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த முகவரிக்குக் காப்பீட்டுப் பிரீமியம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.