பிரிட்டன் அரசியல் படிக்கப் போகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பிரிட்டனில் அரசியல் படித்து முடித்து, இப்போது முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். போன வாரம் கேட்கச் சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

அரசியலமைப்பே இல்லாத நாடாமே, அப்புறம் எதைப் படிப்பது?

இருக்கிறது, ஒரே நூலாக எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். 1689 உரிமைச் சட்டம், 1911 நாடாளுமன்றச் சட்டம், 1998 மனித உரிமைச் சட்டம் என்று பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. மீதி மரபு. பிரதமர் மக்களவை உறுப்பினராக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, ஆனாலும் இன்று யாரும் அதை மீற நினைப்பதில்லை. முதலில் 2019-ஐ எடுத்துப் படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகும் பிரெக்ஸிட் நெருக்கடிக்கு நடுவில் அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கி வைக்க அரசிக்கு ஆலோசனை சொன்னார், வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 11 பேரும் ஒருமனதாக அது செல்லாது என்றார்கள். மரபு எங்கே முடிகிறது, சட்டம் எங்கே தொடங்குகிறது என்பதை அந்தத் தீர்ப்பு மாதிரி வேறெதுவும் எனக்குப் புரிய வைக்கவில்லை. நீளம் குறைவு, மொழியும் எளிது, பயப்படாமல் திறந்து படியுங்கள்.

சீனியரிடம் பழைய பாடப்புத்தகம் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

எந்த வருடப் பதிப்பு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் தேர்தல் என்று நிர்ணயித்த 2011 சட்டம் 2022-இல் ரத்தாகிவிட்டது, தேர்தல் நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி பிரதமர் கைக்கே திரும்பிவிட்டது. இது தெரியாமல் பழைய சட்டத்தை வைத்துக் கட்டுரை எழுதி வருபவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

தேர்தல் முறை பற்றிய கட்டுரையில் மதிப்பெண் வரவே மாட்டேன் என்கிறது.

'இந்த முறை அநியாயம்' என்று எழுதி நிறுத்தியிருப்பீர்கள். 2024-இல் லேபர் கட்சி 33.7% வாக்கில் 650-க்கு 411 இடம் பிடித்தது. ரிஃபார்ம் கட்சி 14.3% வாங்கியும் 5 இடம்தான், லிபரல் டெமாக்ரட்டுகளுக்கோ 12.2% வாக்கில் 72. குறைவாக வாங்கியவர்களுக்கு எப்படி இத்தனை இடம்? அவர்கள் வாக்கு சில தொகுதிகளில் குவிந்திருந்தது, ரிஃபார்முடையது நாடு முழுக்கப் பரவிக் கிடந்தது. அந்த 'எப்படி'யை விளக்குங்கள், மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

புதன்கிழமை பிரதமர் கேள்வி நேரம் பார்த்தால் போதுமா?

அது அரை மணி நேரக் கூத்து. ரசியுங்கள், ஆனால் பாடம் தேர்வுக் குழு (select committee, அரசின் வேலையை ஆராயும் உறுப்பினர் குழு) விசாரணைகளில்தான் இருக்கிறது. அங்கே அமைச்சர் கத்தித் தப்பிக்க முடியாது. வீடியோவும் எழுத்து வடிவமும் நாடாளுமன்றத் தளத்தில் இலவசம்.

பள்ளியில் அரசியல் பாடம் எடுக்கவில்லை, சேர முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களில் ஆனர்ஸ் பட்டம் நான்கு ஆண்டு, இங்கிலாந்தில் மூன்று, செலவைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், கட்டுரையில் பிரிட்டனை 'இங்கிலாந்து' என்று எழுதாதீர்கள், ஸ்காட்லாந்துக்காரர் திருத்தினால் தொலைந்தீர்கள்.

இந்திய பாஸ்போர்ட்டில் வருகிறேன், தேர்தலை வேடிக்கைதான் பார்க்க முடியுமா?

இல்லை, வாக்களிக்கலாம்! காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், 18 வயதும் முறையான விசாவும் இருந்து அங்கே வசித்தால், பொதுத் தேர்தலில் வாக்களிக்கலாம். இலங்கையர்களுக்கும் பொருந்தும். பதிவு செய்ய மட்டும் மறக்காதீர்கள், வாக்குச்சாவடிக்குப் புகைப்பட அடையாளமும் வேண்டும், பாஸ்போர்ட்டே போதும்.