தள்ளாடும் டிரம் கோர் குழுவில் பிள்ளையைச் சேர்க்கலாமா?

உங்கள் மகனுக்கு இங்கே அமெரிக்காவில் டிரம் கோர் என்ற அணிவகுப்பு இசைக்குழு ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் ஐயாயிரம் டாலரைத் தாண்டுகிறது. பெயர்பெற்ற குழுக்களே மூடப்படுவதாகக் கேள்விப்படுகிறீர்கள். இந்த நேரத்தில் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டலாம். கட்டுவதற்கு முன் அவர்களிடம் நாலு கேள்வி கேளுங்கள். கட்டிய பின் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர்களுடைய சமையல் வண்டியில் வெங்காயம் நறுக்கப் போங்கள். நான் கேள்வி கேட்பதில் மட்டும் கெட்டிக்காரனாக இருந்துவிட்டேன். வெங்காயம் நறுக்கப் போனது இரண்டாவது ஆண்டில்தான்.

என் மகள் இப்படியொரு குழுவில் மூன்று கோடைகள் மெல்லோஃபோன் என்ற பித்தளை ஊதுகருவி வாசித்தாள். நான் கணக்காளன். யாருடைய வரவு செலவைப் பார்த்தாலும் முதலில் ஓட்டை எங்கே என்று தேடும் புத்தி. இந்தப் பதிலையும் அந்தப் புத்தியை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

டிரம் கோர் என்றால் என்னவென்று தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். பள்ளி மார்ச்சிங் பேண்டுக்கு மூத்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். பித்தளை ஊதுகருவிகள், முரசுகள், மைதான ஓரத்தில் நிற்கும், கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பா வகையறா, கொடி சுழற்றும் கலர் கார்டு, அவ்வளவுதான். புல்லாங்குழலுக்கும் கிளாரினெட்டுக்கும் இடமில்லை. பெரிய குழுக்களில் நூற்றைம்பது பிள்ளைகளுக்கு மேல் இருப்பார்கள். வயது வரம்பு 21. மே மாதத்தில் கூடி நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் பயிற்சி எடுப்பார்கள். பிறகு ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வரை ஊர் ஊராகப் போட்டி. இரவெல்லாம் பஸ்ஸில் பயணம், விடிந்ததும் ஏதோ ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துத் தரையில் சில மணி நேரத் தூக்கம், எழுந்தால் மறுபடி மைதானம். இவ்வளவும் பத்துப் பன்னிரண்டு நிமிடக் காட்சி ஒன்றுக்காக.

இதை ஊரிலிருக்கும் என் அம்மாவிடம் தொலைபேசியில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிள்ளைக்கு எவ்வளவு தருகிறார்கள்?" என்றாள். "நாம்தான் அம்மா தர வேண்டும்" என்றேன். சிறிது நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "சரி, சாப்பாடாவது போடுகிறார்களா?" என்றாள்.

போடுகிறார்கள். நாளுக்கு நான்கு வேளை. குழுக்களின் கஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது. இருநூறு பேருக்கு நான்கு வேளைச் சாப்பாடு, நாலைந்து பஸ்கள், கருவிகளுக்கும் சமையலுக்கும் தனித்தனியாகப் பெரிய லாரிகள், அவற்றை ஓட்ட உரிமம் உள்ள ஓட்டுநர்கள், டீசல், காப்பீடு, பயிற்சியாளர்களின் சம்பளம், தங்கும் பள்ளிகளுக்கு வாடகை. நாம் கட்டும் கட்டணம் இதில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும். மீதி நன்கொடையிலிருந்தும், சட்டை தொப்பி விற்பனையிலிருந்தும், சில குழுக்களுக்கு பிங்கோ என்ற எண் அட்டைச் சூதாட்டத்திலிருந்தும் வர வேண்டும். சிரிக்காதீர்கள். கலிஃபோர்னியாவின் பெரிய குழுக்களைப் பல ஆண்டுகள் தாங்கி நின்றது பிங்கோ மண்டபங்கள்தான். பெருந்தொற்றுக் காலத்தில் அவை மூடப்பட்டபோது வரவு எப்படி வற்றியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

முன்பு இப்படி இல்லை. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் சங்கங்களும் தேவாலயங்களும் தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காக நடத்திய குழுக்கள் இவை. ஊரிலேயே பயிற்சி, பக்கத்து ஊரில் போட்டி, ராத்திரி வீட்டுக்கு வந்து படுக்கை. அப்போது நாடு முழுக்க நூற்றுக்கணக்கான குழுக்கள் இருந்தன. 1971இல் போட்டிகளை நடத்த டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு உருவானது. அடுத்த ஆண்டு விஸ்கான்சினில் உள்ள வைட்வாட்டரில் முதல் சாம்பியன்ஷிப் நடந்தது. தரம் ஏறியது, தூரமும் ஏறியது. பக்கத்து ஊருக்குப் போய்வந்த குழு நாட்டின் குறுக்கே போக வேண்டியதாயிற்று. ஊர்ச் சங்கத்தின் உண்டியலால் அந்த டீசலுக்குப் பணம் கொடுக்க முடியுமா? சிறிய ஊர்க் குழுக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இன்று மிஞ்சியிருப்பவை சில டஜன்கள். ஆகவே, குழுக்கள் மூடப்படுவது இப்போது வந்த புது நோய் அல்ல. ஐம்பது ஆண்டுகளாக இருப்பதுதான். முன்பு பெயர் தெரியாத குழுக்கள் போயின, இப்போது பெயர் தெரிந்தவையும் போகின்றன.

பெயர் தெரிந்தவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு வகை. சாண்டா கிளாரா வான்கார்ட் 2018இல் சாம்பியன் பட்டம் வென்ற குழு. பணநிலை சரியில்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு 2023 பருவத்தில் களமிறங்கவில்லை. 2024இல் திரும்பி வந்தது. அந்த அறிவிப்பைக் கேட்டு எத்தனையோ பிள்ளைகள் அழுதிருப்பார்கள். ஆனாலும் ஒரு கணக்காளனாக எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடியது. கையில் இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டிக்கொண்டு பஸ் ஏறி, நடுவழியில் நிற்பதைவிட வீட்டிலேயே நிற்பது நேர்மை.

மற்றொன்று தி கேடட்ஸ். 1934இல் நியூ ஜெர்சியில் தொடங்கிப் பத்து முறை பட்டம் வென்ற குழு. 2024 தொடக்கத்தில் கதவைச் சாத்தியது. பல பத்தாண்டுகளுக்கு முன் நடந்ததாகச் சொல்லப்பட்ட பாலியல் வன்முறை தொடர்பான வழக்கின் சுமையைத் தாங்க முடியவில்லை என்பதே காரணம். டீசல் விலையால் மூடப்பட்ட குழுவுக்காக நான் வருந்துவேன். இந்த விஷயத்தில் குழுவை நினைத்து வருந்துவதா என்று எனக்கு இன்றும் குழப்பம்தான். அங்கே பாதிக்கப்பட்டதாகச் சொல்வதும் ஒரு காலத்தில் பிள்ளையாக இருந்தவர்தானே. 2023இல் அங்கே ஊதிய பிள்ளைகளுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, ஆனால் அடுத்த கோடையில் உடுத்த அவர்களுக்குச் சீருடை இல்லாமல் போயிற்று. பெரியவர்கள் வைத்த கடனைச் சிறியவர்கள் கட்டியதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

இனி என் கதை. மகளின் இரண்டாம் ஆண்டு, மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை இரவு மின்னஞ்சல் வந்தது. ஏப்ரல் முடிவதற்குள் குறிப்பிட்ட தொகை சேராவிட்டால் அந்தப் பருவம் நடக்காது என்று எழுதியிருந்தார்கள். அதற்குள் நான் நான்கு தவணை கட்டியிருந்தேன். மறுநாள் இணையவழிக் கூட்டம். ஒருவர் கத்தினார், ஒருவர் அழுதார், ஒரு தாய் மட்டும் "பஸ் கம்பெனிக்கு எவ்வளவு பாக்கி?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குத்தான் ஒழுங்கான பதில் கிடைத்தது. நான் அன்றிரவே பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் தயார் செய்தேன். மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்திருக்கிறாள். "என் இடத்தை நீங்கள் விற்கிறீர்கள், அப்பா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒன்று விளக்க வேண்டும். அந்தக் காட்சியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மைதானத்தில் தனக்கென்று புள்ளிகள் உண்டு. எந்தத் தாளத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைவார்கள். ஒருவர் விலகினால் அந்தப் புள்ளி ஓட்டையாக நிற்கும். பார்வையாளர் மேடையிலிருந்து பார்த்தால் பல் விழுந்த வாய் போலத் தெரியும். அவள் "இடம்" என்று சொன்னதை நான் ஏதோ உணர்ச்சிப் பேச்சு என்று நினைத்தேன். அவளோ தரையில் சுண்ணாம்புக் கோட்டுக்கு இரண்டடி தள்ளி இருக்கும் ஒரு புள்ளியைச் சொல்லியிருக்கிறாள்.

கடிதத்தை அனுப்பவில்லை. பயணத்தில் மூன்று வாரத்தை வெட்டிவிட்டு அந்தப் பருவம் நடந்தது. ஜூலையில் நான் சமையல் வண்டிக்குப் போனேன்.

அங்கே பார்த்தது எந்தக் கணக்கு அறிக்கையிலும் இருக்காது. காலை ஐந்து மணிக்கு முட்டை உடைக்க ஆரம்பித்தால் இரவுப் பலகாரத் தட்டு கழுவி முடிக்க நள்ளிரவு. என்னோடு நின்றவர்களில் ஒருவர் பல் மருத்துவர், ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். தபால்காரரின் பிள்ளை குழுவைவிட்டுப் போயே எட்டு ஆண்டுகள் ஆகின்றன, அவர் மட்டும் போகவில்லை. குழுவின் இயக்குநர் பாத்திரம் கழுவினார். கணக்கைப் பார்த்துக்கொண்டவர் தன்னந்தனியாக ஒரு தன்னார்வலர். ரசீதுகளைச் செருப்புப் பெட்டியில் வைத்திருந்தார். எனக்கு அதைப் பார்த்து ரத்தக் கொதிப்பே வந்துவிட்டது. மார்ச் மாத மின்னஞ்சலுக்குக் காரணம் திருட்டு இல்லை, அந்தச் செருப்புப் பெட்டிதான். எவ்வளவு கடன் என்பதே அவர்களுக்குப் பிப்ரவரி வரை தெரியாமல் இருந்திருக்கிறது. இப்போது அந்தக் கணக்கை நான் பார்க்கிறேன். வாயைத் திறந்து குறை சொன்னால் வேலை நம் தலையில் விழும் என்பதையும் எச்சரிக்கையாகச் சொல்லி வைக்கிறேன்.

அந்த வாரம் ஒரு டிரம்பெட் பையனைப் பார்த்தேன். குளிர்காலம் முழுக்கக் கடையில் வேலை செய்து கட்டணத்தில் பாதியைச் சேர்த்திருந்தான், மீதிக்கு வழியில்லை. பெற்றோர் சிலர் சேர்ந்து கட்டிவிட்டார்கள், யாருடைய பணம் என்று அவனுக்குத் தெரியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டணத்தை நினைத்து ஆடிஷன் என்ற தேர்வுக்கே வராமல் விலகிப்போன பிள்ளைகளுக்கு யார் கட்டுவது? ஊர்ச் சங்கம் நடத்திய காலத்தில் மெக்கானிக்கின் பிள்ளை ஊதினான். இப்போது பெரும்பாலும் என்னைப் போன்றவர்களின் பிள்ளைகள் ஊதுகிறார்கள். அதோடு, மைதானத்தில் நிறுத்தும் அந்த ராட்சத மேடைப் பொருட்கள்! அவற்றை ஏற்றவே இன்னொரு லாரி வேண்டும். பணமில்லை என்று கையேந்தும் குழு எதற்காக இரண்டு மாடி உயரத்துக்குச் சாய்தளம் கட்டுகிறது என்று கேட்டேன். "இல்லாவிட்டால் மதிப்பெண் வராது" என்றார்கள். மகளும் அவர்கள் பக்கம்தான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தக் குழுக்கள் லாப நோக்கற்ற நிறுவனங்கள். வருமான வரித் துறைக்கு ஆண்டுதோறும் படிவம் 990 தாக்கல் செய்கின்றன. அது பொது ஆவணம், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். முதல் பக்கத்தின் கடைசியில் ஆண்டுத் தொடக்கத்திலும் முடிவிலும் நிகரச் சொத்து, அதாவது கடன் போக மிஞ்சும் சொத்து, எவ்வளவு என்று இருக்கும். மூன்று ஆண்டுகளை எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். குழுவின் நிர்வாகிகளே குழுவுக்குக் கடன் கொடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். படிவம் ஓராண்டுக்கு மேல் பின்தங்கித்தான் வரும், ஆகையால் இன்றைய நிலையை நேரில் கேட்க வேண்டும்: பஸ்ஸுக்கு ஒப்பந்தம் போட்டாயிற்றா, போன ஆண்டுப் பாக்கி ஏதும் உண்டா, பருவம் ரத்தானால் பணம் திரும்புமா, அது எந்தத் தாளில் எழுதியிருக்கிறது? பதில் "கஷ்டம்தான், இவ்வளவு துண்டு விழுகிறது" என்று வந்தால் பயப்படாதீர்கள். "எல்லாம் அருமையாக இருக்கிறது" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் அடுத்த தவணையைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

பணத்தைவிட முக்கியமானதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். பிள்ளைகள் தூங்கும் கூடத்தில் பெரியவர்கள் யார் இருப்பார்கள், ஊழியர் முதல் சமையல் தன்னார்வலர் வரை எல்லோரின் பின்னணியும் சரிபார்க்கப்படுகிறதா, புகார் வந்தால் குழுவுக்கு வெளியே யாரிடம் போகும்? இதைக் கேட்டதற்காக முகம் சுளிக்கும் குழுவுக்கு ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். என் பின்னணியையும் சோதித்தார்கள். வெங்காயம் நறுக்குபவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று அப்போது எரிச்சலாக இருந்தது. தி கேடட்ஸ் செய்தி வந்த பிறகு எரிச்சல் போய்விட்டது.

முதல் ஆண்டே பெரிய குழுவுக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. ஓப்பன் கிளாஸ் என்ற பிரிவில் உள்ள சிறிய குழுக்களுக்குப் பயணம் குறைவு, கட்டணமும் பெரும்பாலும் குறைவு. மகன் ஒப்புக்கொள்ள மாட்டான், தெரியும். ஒரு முறை சொல்லிப் பாருங்கள்.

அனுப்புவதென்று முடிவு செய்தால் காற்று மெத்தையோடு ஓட்டை அடைக்கும் ஒட்டுத் துண்டும் வைத்து அனுப்புங்கள். முதல் வாரத்திலேயே ஒன்று வெடிக்கும். ஒட்டு இரண்டாக வையுங்கள். பக்கத்தில் படுப்பவனிடம் இருக்காது.