வழக்குப் பேச்சு மட்டும் வட்டாரம் ஆகாது: கேள்வி பதில்

வட்டார எழுத்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

கேள்வி: வட்டார வழக்கில் எழுதினாலே அது வட்டார இலக்கியம் ஆகிவிடுமா ஐயா?

ஆகாது. முப்பது வருடமாக வகுப்பில் இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. ஆனாலும் முதல் கேள்வியாக இது வந்ததில் சந்தோஷம்.

கி. ராஜநாராயணனின் 'கதவு' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏழை வீட்டுக் கதவில் பிள்ளைகள் தொற்றிக்கொண்டு பஸ் விளையாட்டு விளையாடுகிறார்கள். ஒருவன் டிக்கெட் கொடுக்கிறான், இன்னொருவன் ஊர்ப்பேர் சொல்லி வாங்குகிறான். தீர்வை (நிலவரி) பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். கதவு இல்லாத வீட்டுக்குள் பனிக்காற்று வருகிறது. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

தீர்வை ஏன் பாக்கி விழுந்தது? கரிசல் காடு, அதாவது கருப்பு மண் நிலம், வானம் பார்த்த பூமி. ஆறு கிடையாது. மழை பெய்தால் கம்பும் சோளமும் பருத்தியும் உண்டு, இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. மழை வராத வருடமும் தீர்வை மட்டும் வந்துவிடும். அந்த மண்ணைக் கோடையில் பார்த்திருக்கிறீர்களா? கணுக்கால் இறங்கும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை பெய்துவிட்டால் அதே மண் காலில் அப்பிக்கொண்டு செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வெடிப்பைப் பற்றிக் கதையில் ஒரு வரிகூட வேண்டாம். கதவு போனதே அந்த வெடிப்பால்தான். கதையில் உள்ள பேச்சை எல்லாம் பொதுத்தமிழுக்கு மாற்றி எழுதினாலும் அது கரிசல் கதையாகவே இருக்கும். நான் வைத்திருக்கும் சோதனை இவ்வளவுதான்: வழக்குச் சொற்களை எடுத்த பிறகும் நிலம் நிற்கிறதா?

கேள்வி: கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனின் (கி.ரா.) ஊரான இடைசெவல்காரர்தானே? இரண்டு பேர் எழுத்தும் ஏன் இவ்வளவு வேறாக இருக்கிறது?

நல்ல கேள்வி. ஒரே ஊர், ஒரே வயது, நெருங்கிய சிநேகிதர்கள். அழகிரிசாமி சென்னைக்குப் போனார், மலாயாவில் பத்திரிகை வேலை பார்த்தார், 1970-இல் சின்ன வயதிலேயே போய்விட்டார். அவருடைய கதைகளில் கதை சொல்பவர் பேசுவது சுத்தமான பொது உரைநடை. 'ராஜா வந்திருக்கிறார்' படித்துப் பாருங்கள். பிள்ளைகள் தங்கள் சட்டையைப் பற்றிப் பீற்றிக்கொள்ளும் இடத்திலேயே ஊரின் வறுமை முழுக்கத் தெரிந்துவிடும். ஆனால் அதைச் சொல்லும் குரல் கொஞ்சம் எட்டி நிற்கிறது. கி.ரா.வில் கதை சொல்பவரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஊர்க்காரர். மண் இரண்டு பேருக்கும் ஒன்று, வாய்தான் வேறு. மண் எழுத்தாளரை வளர்க்கும், நடையை அவரேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: வட்டார நாவல்களில் எதை முதலில் படிக்கலாம்? (நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள்.)

உங்கள் சொந்த மண்ணிலிருந்து தொடங்குங்கள். கொங்கு என்றால் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. 1942-இல் வந்தது, சின்ன நாவல், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். நாஞ்சில் நாட்டுக்காரர் நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்' எடுக்கலாம். விருத்தாசலம் பக்கம் என்றால் கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை'. சொந்த ஊர் என்று ஒன்று மனதில் இல்லாதவர்கள் பூமணியின் 'வெக்கை'யை எடுங்கள்.

கேள்வி: 'வெக்கை'யை விட அதை வைத்து எடுத்த 'அசுரன்' படம் நன்றாக இருக்கிறதே?

படத்தைப் பற்றிப் பேச வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நாவலைப் பற்றி ஒன்று சொல்கிறேன். பழிவாங்கல் முதல் பக்கங்களிலேயே முடிந்துவிடுகிறது. மீதி எல்லாம் தகப்பனும் பதினைந்து வயது மகனும் காடு மேடாக ஒளிந்து திரிவதுதான். எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைப் பிடுங்கித் தின்னலாம், எந்தப் பாறை இடுக்கில் படுக்கலாம் என்பது தெரிந்தவன் பிழைக்கிறான். அந்த நிலத்தை அறிந்திருப்பதுதான் அவர்கள் கையில் இருக்கும் ஒரே சொத்து.

கேள்வி: வழக்குச் சொற்கள் புரியவில்லை. அகராதி உண்டா?

உண்டு. கரிசலுக்குக் கி.ரா., கொங்குக்குப் பெருமாள்முருகன், விருத்தாசலம் பக்கத்து நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரன் தொகுத்திருக்கிறார்கள். மூன்று பேரும் நாவலாசிரியர்கள் என்பதைக் கவனியுங்கள். ஆனால் நாவலோடு சேர்த்து அகராதியை மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். முதல் முப்பது பக்கம் புரியாமலே போங்கள், காது பழகிவிடும்.

கேள்வி: ராஜம் கிருஷ்ணன் உப்பளத்தில் ஒரு நாளாவது வேலை செய்தாரா? 'கரிப்பு மணிகள்' வெளியாள் எழுதியது. அதை எப்படி அந்த மண்ணின் எழுத்து என்கிறீர்கள்?

கோபம் புரிகிறது. ஆனால் அவர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனவர் இல்லை. தூத்துக்குடிப் பக்கம் போய், அந்த ஜனங்களோடு பழகி, கேட்டு எழுதினார். கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை வெளிச்சம், உப்பு நீரில் நின்று காலில் விழும் புண், அங்கே வேலைக்கு வரும் பெண்ணுக்குக் கங்காணிகளிடமிருந்து வரும் ஆபத்து, மூன்றும் அந்த நாவலில் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. உப்பளத்தை எடுத்துவிட்டால் நாயகி பொன்னாச்சிக்குக் கதையே இல்லை.

அதே நண்பர் மறுபடியும்: கேட்டு எழுதுவதும் வாழ்ந்து எழுதுவதும் ஒன்றா? 'ஆழி சூழ் உலகு'வில் வரும் கடலை ஒரு வெளியாள் எழுத முடியுமா?

முடியாது. இதை மறைக்காமல் ஒத்துக்கொள்கிறேன். அந்த நாவலின் ஆசிரியர் ஜோ டி குரூஸ் கடலை எழுதும்போது நீரோட்டமும் காற்றும் உடம்புக்குத் தெரிந்தவை. நடுக்கடலில் உயிருக்குத் தத்தளிப்பவர்களின் பக்கங்களைக் கரையில் நின்றவர் எழுதிவிட முடியாது. ஆனால் 'கடல்புரத்தில்' எழுதிய வண்ணநிலவன் திருநெல்வேலிக்காரர், மீனவர் இல்லை. வல்லத்தை (மீன்பிடி படகை) விற்க மனம் வராத குரூஸ் மிக்கேலை அவரால் எழுத முடிந்ததே! மகன் விற்கச் சொல்கிறான், கிழவருக்கு வல்லம் போனால் தானே போன மாதிரி. கரையில் நின்று பார்த்தாலும் அந்தப் பிடிப்பு தெரியும். வெளியாள் எங்கே நிற்கிறார் என்று தெரிந்து எழுதினால் போதும்.

இடையில் ஒரு தமிழாசிரியை: சங்கப் புலவர்கள் பாடிய திணையிலா பிறந்தார்கள்? ஒரே புலவர் குறிஞ்சியும் பாடினார், நெய்தலும் பாடினார்.

முதல் நண்பர்: அது மரபு அம்மா. அங்கே நிலம் இலக்கணம். அகப்பாட்டில் தலைவிக்குப் பெயர்கூடக் கிடையாது. நாவலில் பெயர் உண்டு, சாதி உண்டு, கடன் உண்டு.

இதை அவரே சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆம், திணையில் நெய்தல் என்றால் இரங்கல். கடற்கரையில் பிறக்காதவரும் கற்றுக்கொண்டு பாடலாம். நாவலுக்கு அந்த வசதி இல்லை. கடன் யாரிடம் வாங்கினான் என்று சொல்லியாக வேண்டும்.

ஆனால் இரண்டு பேரும் விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது. ஊருக்குள்ளேயே இருப்பவருக்குக் கண் பழகிவிடும். நாஞ்சில் நாடன் தன் ஊரை எழுதத் தொடங்கியது பம்பாயில் இருந்துகொண்டு. அசோகமித்திரன் செகந்தராபாத்தை விட்டு வந்து சுமார் இருபத்தைந்து வருடம் கழித்து, 1977-இல் அந்த ஊரைப் பற்றிய 'பதினெட்டாவது அட்சக்கோடு' வந்தது. உள்ளே பிறந்து, வெளியே போய், திரும்பிப் பார்த்து எழுதியவர்கள் நம்மிடம் நிறைய. இவர்களை உள்ளாள் என்பதா, வெளியாள் என்பதா? இதே விஷயத்தில் இன்னும் ஆறு கேள்விகள் வந்திருக்கின்றன. இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை, அடுத்ததற்குப் போகலாம்.

கேள்வி: எதை முதலில் படிக்கலாம்?

மேலே இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: நகரத்துக்கு வட்டாரம் உண்டா?

ஏன் இல்லை? அசோகமித்திரனின் 'தண்ணீர்' சென்னையின் வட்டார நாவல். குழாயில் தண்ணீர் வராத தெருவில் குடத்தோடு அலைந்தால்தான் அதன் நாயகி ஜமுனாவின் வாழ்க்கை புரியும். ஆ. மாதவனுக்குத் திருவனந்தபுரத்தின் சாலைத்தெரு ஒன்றே போதுமாக இருந்தது.

கேள்வி: எங்கள் ஊரைப் பற்றி நாவல் எழுதுகிறேன். ஊர்ச்சொற்கள் ஐந்நூறு சேர்த்து வைத்திருக்கிறேன். எப்படிப் பயன்படுத்துவது?

தம்பி, அந்த நோட்டை மூடி வையுங்கள். சொற்களைத் தூவினால் வட்டாரம் ஆகாது என்று மறுபடியும் சொல்கிறேன். சேர்த்தது வீண் இல்லை, வேண்டிய இடத்தில் அதுவாக வரும். சோ. தர்மனின் 'சூல்' ஒரு கண்மாயைச் சுற்றியே நடக்கும் பெரிய நாவல். அதைப் படித்துவிட்டு உங்கள் ஊர்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மடை திறந்தால் யார் வயலுக்கு முதலில் பாய்கிறது, கடைசி வயல்காரர் அன்று ராத்திரி என்ன செய்கிறார் என்று பத்துப் பக்கம் எழுதி அனுப்புங்கள். நான் படிக்கிறேன்.