பாரம்பரியப் பட்டியலில் பழைய மில்: இடித்துவிட்டால் தீருமா?

கேள்வி: தாத்தா காலத்து நூல் மில் எங்கள் பெயரில் இருக்கிறது. மூடிப் பல வருடமாகிறது. பில்டரிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டோம். இப்போது, கட்டடத்தைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்க உத்தேசம், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. உத்தரவு வருவதற்குள் புகைபோக்கியை இடித்துவிடலாம் என்கிறார் பில்டர். செய்யலாமா? சொத்து அரசுக்குப் போய்விடுமா?

பதில்: இடிக்காதீர்கள். அனுமதியில்லாமல் இடித்தால் உரிமையாளர் என்ற முறையில் வழக்கு உங்கள் பெயரிலும் வரும், பில்டரோடு போகாது. ஊர்க்காரர் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டாலே போதும். நோட்டீஸ் கையில் இருக்கும்போது இடித்தவரை எந்த நீதிபதியும் நல்லெண்ணத்தோடு பார்க்க மாட்டார்.

சொத்து எங்கும் போகாது. பட்டியலில் சேர்ப்பது வேறு, கையகப்படுத்துவது வேறு. பட்டா, பத்திரம் எல்லாம் உங்களிடமே இருக்கும். இடிக்கவும் மாற்றவும் மட்டும் முன் அனுமதி தேவைப்படும். 1958-ம் ஆண்டு மத்தியச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்றால் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டுமானமே கூடாது. உங்கள் நோட்டீஸ் அந்த வகை இல்லை. பில்டர் இரண்டையும் குழப்பிப் பயமுறுத்துகிறார் என்று நினைக்கிறேன்.

ஆட்சேபத்தில் ‘பட்டியலே வேண்டாம்’ என்று மட்டும் எழுதுவது வீண். எதைக் காக்க வேண்டும் என்று நீங்களே வரைபடம் போட்டுச் சொல்லுங்கள். புகைபோக்கி, இன்ஜின் அறை, ரம்பப்பல் கூரையும் இரும்புத் தூண்களும் உள்ள நூற்புக் கூடம் இருக்கட்டும். பின்னால் பிற்காலத்தில் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் குடோன்களை விட்டுவிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் விற்கத்தக்க காலி நிலம் அங்கேதான் கிடக்கும். கட்டடப் பொறியாளரின் உறுதிநிலை அறிக்கையும் சேர்த்துக் கொடுங்கள்.

இழப்பீடு கேட்பதைவிட டிடிஆர், அதாவது மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை கேட்பது புத்திசாலித்தனம். கட்ட முடியாமல் போன பரப்பை வேறு இடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ தரும் சான்று அது. மும்பையில் 1995 முதலே பாரம்பரியக் கட்டட உரிமையாளர்களுக்கு இது உண்டு. உங்கள் ஊரில் இந்த வகைக்குக் கிடைக்குமா என்று நகரமைப்பு அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்குங்கள்.

அப்புறம் அந்த அட்வான்ஸ் ஒப்பந்தம். ‘கட்டடங்களை அகற்றிக் காலி மனையாக ஒப்படைப்பேன்’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நோட்டீஸ் நகலை இன்றே பதிவுத் தபாலில் பில்டருக்கு அனுப்புங்கள். மறைத்தால் நாளை நஷ்டஈடு கேட்பார். பேசித் துணை ஒப்பந்தம் போடுவது நல்லது.

ஒன்று கேட்க வேண்டும்: தொழிலாளர்களின் கிராஜுவிட்டி, பி.எஃப். பாக்கி எல்லாம் தீர்ந்ததா? வங்கிக் கடனுக்கு வில்லங்கம் நீங்கியதா? பாரம்பரியப் பட்டியல் மட்டுமல்ல, இவையும் பழைய மில் விற்பனையை நிறுத்திவிடும். வில்லங்கச் சான்றை முதலில் எடுங்கள். நோட்டீஸில் ஆட்சேபத்துக்குக் கடைசித் தேதி போட்டிருக்கும், அதைத் தவறவிடாதீர்கள்.